புதுப்பாளையத்தில் தொடங்கிய கணக்கு

தமிழகத்தின் எந்தச் சிற்றூருக்குச் சென்றாலும் அரசு மதுக்கடைக்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் ஒயின் ஷாப். அங்கே விற்பவை பெரும்பாலும் பிராந்தி, ரம், பீர் ஆகியவைதாம். திராட்சைச் சாற்றைப் புளிக்கவைத்து உருவாக்கும் ஒயினை அக்கடைகளில் வாங்குவோர் மிகச் சிலரே. சேலத்திலிருந்து இராசிபுரம் வழியாக நாமக்கல் செல்லும் சமவெளியிலும் இதே நிலைதான். ஆனால், ஒரு காலத்தில் இந்தச் சமவெளிக்கு வேறொரு பெயர் இருந்தது. சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக, 1937 அக்டோபர் 1 அன்று, சட்டத்தின் மூலம் மதுக்கடைகள் அனைத்தும் மூடப்பட்ட மாவட்டம் சேலம். அதைச் செய்தவர் அம்மாவட்டத்திலேயே பிறந்து, அங்கேயே இருபதாண்டுகள் வழக்குரைத்த இராஜாஜி.

அவரை அரசியல் மேதை என்றும், மூதறிஞர் என்றும், இராமாயணத்தையும் மகாபாரதத்தையும் எளிய தமிழில் தந்தவர் என்றும் பலர் எழுதியுள்ளனர். பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் அவர் வாழ்வில் என்னை ஈர்ப்பது ஒரே ஓர் இழை. குடியைப் பற்றி அவர் போட்ட கணக்கு அது. அறநூல்கள் குடியைக் கண்டித்தன. அவரோ அதைக் குடும்ப வரவு செலவாகவும், அரசின் வரவு செலவாகவும் ஒருசேரக் கண்டார். இவ்விரண்டையும் ஒரே ஏட்டில் எழுதிப் பார்த்தவர்கள் அக்காலத்தில் மிகச் சிலரே.

ஒசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10 அன்று அவர் பிறந்தார். அன்று அவ்வூர் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. பெங்களூர் மத்தியக் கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று, சட்டம் முடித்து, 1900-இல் சேலத்தில் வழக்குரைஞராகத் தொழில் தொடங்கினார். குற்றவியல் வழக்குகளில் பெயர் பெற்றார், பொருளும் சேர்ந்தது. நாற்பது வயதை எட்டும் முன்பே மனைவியை இழந்தார், ஐந்து குழந்தைகள். மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தபோது, அக்ரகாரத் தெருக்களுக்குக் குடிநீர் திறந்துவிடும் பணியில் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒருவரை அமர்த்தியதும், அதனால் எழுந்த எதிர்ப்புக்கு அவர் பணியாததும் சேலத்தில் நெடுநாள் பேசப்பட்டன. அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் உருவாக்க 1916-இல் சேலத்தில் ஒரு சங்கம் அமைத்ததும் அவரே. தமிழ்வழியில் பொருளியல் கற்பித்தவர்கள் இதற்காக அவருக்குக் கொஞ்சம் கடன்பட்டவர்கள் என்பது என் எண்ணம். 1919-இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். மறு ஆண்டே தொழிலைத் துறந்தார். 1921 இறுதியில் வேலூர்ச் சிறைக்குச் சென்றார்.

அக்காலத்தில் மதுவிலக்கு அவர் ஒருவரின் கொள்கை மட்டுமன்று. ஈரோட்டில் பெரியாரும் நாகம்மையாரும் கண்ணம்மாளும் 1921-இல் கள்ளுக்கடை மறியல் நடத்தினர். கள்ளுக்கு உதவக்கூடாதென்று தம் குடும்பத் தோப்பில் இருந்த நூற்றுக்கணக்கான தென்னை மரங்களையே பெரியார் வெட்டிச் சாய்த்தார். பிற்காலத்தில் எதிரெதிர்த் துருவங்களாக நின்ற இருவரும் அன்று ஒரே அணியில் நின்றனர்.

1925 பிப்ரவரி 6 அன்று திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கப்பட்டது. நிலம் தந்தவர் அவ்வூர் ஜமீன்தார் இரத்தினசபாபதி கவுண்டர். வருமானமிக்க வழக்குரைஞராக வாழ்ந்தவர் தம் இளைய பிள்ளைகளுடன் அங்கே ஒரு குடிலில் குடியேறினார். மழை பொய்த்த வறட்சிப் பகுதி அது. நூல் நூற்கும் பெண்களுக்கும், நெசவாளர்களுக்கும் ஆசிரமம் வேலை கொடுத்தது; ஒரு சிறு மருத்துவமனையும் நடத்தியது. ஆசிரமத்தின் தொடக்க காலப் பொறுப்பாளர்களுள் ஒருவரான கே.சந்தானம், பின்னாளில் இந்தியாவின் இரண்டாவது நிதிக்குழுவுக்குத் தலைமை வகித்தார். ஒரு வறண்ட கிராமத்தில் பஞ்சுக்கும் நூலுக்கும் கணக்கெழுதிய ஒருவர், மத்திய அரசின் வரி வருவாயை மாநிலங்களுக்குப் பங்கிடும் பொறுப்புக்கு வந்தார் என்பதை நிதியியல் மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது.

புதுப்பாளையத்தில்தான் இராஜாஜி குடியின் பொருளியலை நேரில் கண்டார். ஆசிரமம் கொடுத்த கூலி வாரச்சந்தை நாளில் எங்கே போகிறது என்பதைப் பார்த்தார். சர்க்கா சுற்றிய பெண் ஈட்டிய காசு, கணவன் வழியாகக் கள்ளுக்கடைக்குச் சென்றது. ஒரு கையால் கொடுத்த கூலியை மறு கையால் அரசு கலால் வருவாயாகப் பெற்றுக்கொண்டது. குடிப்பதில்லை என்ற உறுதிமொழியை ஊர் ஊராகப் பெறும் பணியை ஆசிரமத்தார் மேற்கொண்டனர். 1929-இல் மதுவிலக்குக்கென்றே விமோசனம் என்ற திங்களிதழ் அங்கிருந்து வெளிவந்தது. அதில் துணையாசிரியராக இருந்தவர் கல்கி கிருஷ்ணமூர்த்தி. பத்து இதழ்களே வந்தன. ஆயினும், ஒரே பொருளைப் பற்றிக் கதையும் படமும் கட்டுரையுமாக ஓர் இதழ் நடத்த முடியும் என்பதை அது காட்டியது. உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்தார். அந்த நடைப்பயணத்துக்குப் பாட்டெழுதியவரும் இந்த மண்ணின் கவிஞரான நாமக்கல் இராமலிங்கம் பிள்ளைதான்.

இங்கே சற்று நின்று, மது என்ற சொல்லுக்குள் எத்தனை பொருளியல்கள் அடங்கியுள்ளன என்பதைப் பார்க்க வேண்டும். பிரான்சின் பொர்தோ பகுதியில், தோர்தோஞ் ஆற்றின் வலக்கரையில், பொமெரோல் என்ற சிற்றூர் உள்ளது. மெர்லோ என்னும் கருந்திராட்சையை முதன்மையாகக் கொண்டு அங்கே செய்யப்படும் சிவப்பு ஒயின் உலகப் புகழ் வாய்ந்தது. மெர்லோ இயல்பில் மென்மையான திராட்சை. பெரும்பாலான நாடுகளில் அதன் ஒயினை ஓரிரு ஆண்டுகளில் பருகிவிடுவர். பொமெரோலின் களிமண்ணில் விளைந்ததோ இருபது, முப்பது ஆண்டுகள் நிலவறையில் கிடந்து முதிரும். தோலிலும் விதையிலும் இருந்து இறங்கிய துவர்ப்பும், சாற்றின் புளிப்பும் போதிய அளவில் இருந்தால்தான் அது தாங்கும். இளமையில் நாவைப் பிடிக்கும் துவர்ப்பு காலப்போக்கில் தணியும்; பழ வாசம் குறைந்து, தோல், ஈரமண், காளான் போன்ற மணங்கள் தோன்றும்; கோப்பையின் விளிம்பில் கருஞ்சிவப்பு செங்கல் நிறமாக மாறும். சுவை வல்லுநர் கோப்பையை வெண்மையான பின்னணியில் சாய்த்து நிறம் பார்ப்பார்; சுழற்றி முகர்வார்; ஒரு வாய் எடுத்து நாவில் பரப்பி, பெரும்பாலும் துப்பியும் விடுவார்; சுவை எத்தனை நொடி நிற்கிறது என்று கவனிப்பார். இன்னும் பீப்பாயில் இருக்கும் இளம் ஒயினைச் சுவைத்து, இருபது ஆண்டுகளுக்குப் பின் அது என்னவாகும் என்று கணிப்பதே அவருடைய தொழில்.

இவற்றையெல்லாம் நூல்வழியே மட்டும் அறிந்தவன் நான். என்னை அதன் பக்கம் இழுத்தது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஆர்லி ஆஷன்ஃபெல்டரின் ஆய்வு. கோப்பையைத் தொடாமலேயே பொர்தோ ஒயினின் தரத்தைக் கணிக்கலாம் என்று அவர் காட்டினார். முந்தைய குளிர்காலத்தின் மழை, திராட்சை வளரும் பருவத்தின் வெப்பம், அறுவடைக்கு முன்னரான மழை, ஒயினின் வயது ஆகிய நான்கையும் ஒரு சமன்பாட்டில் இட்டால், முதிர்ந்த ஒயினின் சந்தை விலையைப் பெருமளவு விளக்கிவிடலாம் என்றார். சுவை வல்லுநர்கள் சினம் கொண்டனர் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்த ஒயினுக்குத் தேவைப்படுவது காத்திருக்கும் மூலதனம். இருபது ஆண்டுகள் பணத்தை நிலவறையில் முடக்கி வைக்கக் கூடியவரே அதை வாங்குகிறார். சேலம் சமவெளியின் கள்ளோ நேர்மாறான பண்டம். பனையின் பாளையைச் சீவிக் கலயம் கட்டுகிறார்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் கிடைப்பது பதநீர், தடவாவிட்டால் கள். காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் சாற்றைப் புளிக்கவைக்கின்றன. ஓரிரு நாளில் அது புளித்த காடியாகிவிடும். சேமிக்க முடியாது, தொலைவுக்குக் கொண்டு செல்ல முடியாது, இறக்கிய நாளிலேயே, இறக்கிய ஊரிலேயே விற்றாக வேண்டும். ஆகவே கள், அன்றாடக் கூலிக்காரரின் அன்றாடக் காசைத் தேடியே வந்தது. மதிப்பிட்டுக் காத்திருந்து பருகுவதற்கு அதில் இடமே இல்லை. ஆங்கிலேய அரசு இந்த இயல்பை நன்கு புரிந்துகொண்டு, இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் வரி என்றும், கடைக்கு ஆண்டு ஏலம் என்றும் இரண்டு வாயில்களை வைத்தது. ஏலத்தில் அதிகத் தொகைக்கு எடுத்தவர் அதை மீட்க அதிகம் விற்றாக வேண்டும். குறைந்த நுகர்வில் நிறைந்த வருவாய் என்பது ஏட்டளவில் அரசின் கொள்கை. ஏல முறையோ அதற்கு எதிர்த்திசையில் வேலை செய்தது.

1937 ஜூலை 14 அன்று இராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானார். நிதித் துறையையும் தம்மிடமே வைத்துக்கொண்டார். மாகாண வருவாயில் ஏறத்தாழக் கால் பங்கு கலால் வரியிலிருந்து வந்தது. அதைக் கைவிடுவேன் என்று சொல்லும் நிதியமைச்சரை எந்த அதிகாரியும் விரும்ப மாட்டார். பதவியேற்று எண்பது நாள்கள் முடியும் முன் சட்டம் இயற்றப்பட்டு, சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. நாமக்கல், திருச்செங்கோடு, இராசிபுரம், ஆத்தூர், ஓமலூர், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஒசூர் எல்லாம் அடங்கிய அம்மாவட்டத்தில் 1931 கணக்கெடுப்பின்படி சுமார் 24 லட்சம் மக்கள் வாழ்ந்தனர். மாகாணம் முழுவதும் ஒரே நாளில் செய்யாமல், பன்னிரண்டு ஆண்டுகள் தாம் வேலை செய்த நிலத்தில் முதலில் செய்து பார்த்ததுதான் அவருடைய சாமர்த்தியம். ஒரு கொள்கையைச் சிறு பரப்பில் சோதித்து, அளந்து, பிறகு விரிவாக்கும் முறையை இன்றைய பொருளியலாளர்கள் பெருமையுடன் பேசுகின்றனர். 1938-இல் சித்தூருக்கும் கடப்பைக்கும், 1939-இல் வட ஆர்க்காட்டுக்கும் அது விரிந்தது.

அளக்கவும் செய்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் பி.ஜே.தாமஸின் துறை, சேலத்தில் மதுவிலக்கின் முதலாண்டு விளைவுகளை ஆராய்ந்து வெளியிட்டது. குடிக்குச் சென்ற பணம் உணவுக்கும் துணிக்கும் திரும்பியது, கடன் வாங்குவது குறைந்தது என்பவை அதன் பொதுவான முடிவுகள். இன்றைய அளவுகோலில் பார்த்தால் அந்த ஆய்வில் குறை உண்டு. ஓராண்டு போதாது, ஒப்பிட்டு நோக்க மதுவிலக்கு இல்லாத அண்டை மாவட்டக் குடும்பங்களையும் இணையாக எடுத்திருக்க வேண்டும். பள்ளிபாளையத்தில் கடை இல்லை. பாலத்தைக் கடந்தால் ஈரோட்டில், அன்றைய கோவை மாவட்டத்தில், கடை இருந்தது. மோகனூரில் இல்லை, காவிரிக்கு அக்கரையில் இருந்தது. ஒசூருக்கு வடக்கே மைசூர் சமஸ்தானம். எல்லையோரக் கசிவை எந்தச் சராசரியும் காட்டாது. இருந்தும், ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்த கையோடு அதன் விளைவை அளக்கப் பல்கலைக்கழகம் களமிறங்கியது இன்று அரிதாகிவிட்ட நல்ல வழக்கம்.

இராஜாஜி குறைத்து மதிப்பிட்டது ஒன்று உண்டு. மரமேறிகளின் வாழ்வு. பதநீரைக் காய்ச்சி வெல்லமாக்குவதும் கூட்டுறவுச் சங்கங்களும் மாற்று வழிகளாக முன்வைக்கப்பட்டன. விறகுச் செலவும் சந்தை விலையும் சேர்ந்து பனைவெல்லத்தை ஏழைப் பண்டமாகவே வைத்திருந்தன. கள்ளை நம்பியிருந்த குடும்பங்கள் இழந்ததை அது ஈடுசெய்திருக்க முடியாது. நாட்டின் நன்மைக்காக ஒரு தொழிலை மூடும்போது, அத்தொழிலாளிக்கான இழப்பீடு சட்டத்தின் முதல் பிரிவிலேயே இருந்திருக்க வேண்டும். சட்டத்தை மீறிக் காய்ச்சிப் பிடிபட்டவர்களும் பெரும்பாலும் ஏழைகளே.

இழந்த வருவாயை எங்கே தேடுவது என்ற வினாவுக்கு அவர் கண்ட விடைதான் இந்திய நிதி வரலாற்றில் நிலைத்தது. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம், பொருள்களின் விற்பனை மீது வரி விதிக்கும் அதிகாரத்தை மாகாணங்களுக்கு அளித்திருந்தது. மத்திய மாகாணம் பெட்ரோல் மீது விதித்த வரியை 1938-இல் கூட்டாட்சி நீதிமன்றம் செல்லும் என்றது. அந்த வாயிலை முழுமையாகத் திறந்தவர் இராஜாஜி. 1939-இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது விற்பனை வரிச் சட்டம் நாட்டிலேயே அவ்வகையில் முதலாவது. சிறு வணிகர்களுக்கு விலக்கு, மற்றவர்களுக்கு மொத்த விற்பனைத் தொகையில் மிகக் குறைந்த விகிதம் என்பது அதன் அமைப்பு. வணிகர்கள் கடுமையாக எதிர்த்தனர், அவர் அசையவில்லை. குடிப்பவரின் பையிலிருந்து மட்டும் வந்துகொண்டிருந்த பணத்தை, பொருள் வாங்கும் எல்லோரிடமிருந்தும் சிறிது சிறிதாகத் திரட்டும் ஏற்பாடு அது.

1939 அக்டோபர் இறுதியில் அமைச்சரவை விலகியது. போர்க்காலத்தில் ஆளுநரின் ஆலோசகர்கள் ஆண்டபோது மதுக்கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன. விற்பனை வரியை மட்டும் அவர்கள் தொடவில்லை. ஒன்றுக்கு ஈடாகப் பிறந்த மற்றொன்று, முதலாவது போன பின்னும் வாழ்ந்தது. பிற மாகாணங்களும் அதைப் பின்பற்றின. விடுதலைக்குப் பின் பல பத்தாண்டுகள் மாநிலங்களின் முதுகெலும்பாக இருந்தது விற்பனை வரிதான். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு எது நிற்கும் என்று இளம் ஒயினைச் சுவைத்துச் சொல்பவரைப் போல, 1939-இல் இவ்விரு சட்டங்களையும் அருகருகே வைத்துக் கேட்டிருந்தால், இராஜாஜியே மதுவிலக்கைத்தான் சுட்டியிருப்பார் என்று நினைக்கிறேன்.

1948 அக்டோபர் 2 முதல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. அப்போது இராஜாஜி தில்லியில் தலைமை ஆளுநர். 1952-இல் மீண்டும் முதலமைச்சராகி உணவுக் கட்டுப்பாடுகளை நீக்கினார். 1953-இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தால் பெரும் எதிர்ப்பைச் சந்தித்து மறு ஆண்டு பதவி விலகினார். 1959-இல் சுதந்திரா கட்சியைத் தொடங்கி, உரிமங்களும் அனுமதிகளும் நிறைந்த பொருளாதாரத்தை எதிர்த்தார். தொழில் தொடங்க அரசைக் கேட்க வேண்டியதில்லை என்றவர், குடிப்பதை மட்டும் அரசு தடுக்க வேண்டும் என்றது முரண் என்று அவருடைய கட்சிக்குள்ளேயே சிலர் கருதியிருக்கக் கூடும். அவர் பார்வையில் முரண் இல்லை. குடிப்பவர் தம் விருப்பப்படி செலவிடும் நுகர்வோர் என்ற பாடநூல் உருவத்தை அவர் ஏற்கவில்லை. செலவைத் தீர்மானிப்பவர் ஒருவர், இழப்பைச் சுமப்பவர் வேறொருவர் என்பதைப் புதுப்பாளையத்தில் கண்டவர் அவர். புறவிளைவு என்று இன்று நாம் கரும்பலகையில் எழுதும் கோட்பாட்டுக்கு அவர் கண்ட எடுத்துக்காட்டு, நூற்ற கூலியை இழந்த பெண்.

விற்பனை வரி பின்னர் மதிப்புக்கூட்டு வரியாகி, 2017 ஜூலை 1 முதல் பெரும்பகுதி சரக்கு, சேவை வரிக்குள் கரைந்தது. அதன் விகிதத்தை இனி ஒரு மாநிலம் தனித்து முடிவு செய்ய முடியாது. மனிதர் அருந்தும் மது மட்டும் அந்த வரிக்கு வெளியே, மாநிலத்தின் கையில் விடப்பட்டுள்ளது. மதுவைச் சாராமல் அரசு நடத்த இராஜாஜி உருவாக்கிய கருவி மாநிலத்தின் கையை விட்டு நழுவியது. அவர் மூட நினைத்த வாயிலோ கையில் எஞ்சியிருக்கும் சில வாயில்களுள் ஒன்றாயிற்று. 2024-25-இல் தமிழக அரசுக்கு டாஸ்மாக் வழியே கலாலும் மதிப்புக்கூட்டு வரியுமாகக் கிடைத்தது ரூ.48 ஆயிரம் கோடிக்கும் மேல். இதற்கிடையில் 1987 முதல் கள்ளுக்குத் தடை நீடிக்கிறது. ஆலையில் வடித்த மதுவுக்கு இல்லை. இம்முடிவுக்கு எந்தப் பொருளியல் நியாயத்தையும் என்னால் காண இயலவில்லை. முழு மதுவிலக்கு இன்று சாத்தியமா என்பது தனி வினா. கள்ளச்சாராயம் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததை அறிந்தவர் யாரும் அதற்கு அவசரப்பட்டு விடை சொல்ல மாட்டார். ஆனால், மாற்று வருவாய் என்ன என்று அவர் 1939-இல் தமக்குத் தாமே கேட்டுக்கொண்ட வினாவை இப்போது எந்தக் கட்சியின் நிதிநிலை அறிக்கையும் கேட்பதாகத் தெரியவில்லை.

1971-இல் மதுவிலக்கை ஒத்திவைக்கத் தமிழக அரசு முடிவு செய்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் தி.மு.க.வுடன் கூட்டணி அமைத்து அதன் வெற்றிக்குத் துணை நின்றவர், அவ்வாண்டுத் தேர்தலில் அதை எதிர்த்துத் தோற்ற அணியில் இருந்தார். வயது தொண்ணூற்றிரண்டு. அதைப் பொருட்படுத்தாமல் முதலமைச்சர் கருணாநிதியை நேரில் சந்தித்து, முடிவைக் கைவிடுமாறு வேண்டினார். அரசின் நிதி நெருக்கடி காரணமாகச் சொல்லப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியில் கடைகள் திறந்தன. 1972 டிசம்பர் 25 அன்று இராஜாஜி மறைந்தார்.

அவர் எழுதிய சிறுகதைகளுள் ஒன்று, கணவனின் குடியால் ஒரு சிற்றூர்க் குடும்பம் அழிவதைச் சொல்லும் திக்கற்ற பார்வதி. சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கத்தில் அது திரைப்படமாகி 1974-இல் வெளிவந்தது. படப்பிடிப்பு நடந்த ஊர் தொரப்பள்ளி. படம் வெளிவந்த அதே ஆண்டில், முந்தைய ஆண்டு மூடப்பட்ட கள்ளுக்கடைகளைத் தொடர்ந்து, சாராயக் கடைகளையும் அரசு மூடியது.